சரிவு ஏறினால் சாத்திய கதவு

நூலகத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, ஓய்வு பெற்ற நாங்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். "உற்சாகமூட்டுற மாதிரி இருக்கட்டும் மேடம்" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். உற்சாகத்துக்கு வேறு ஆள் பார்த்திருக்கலாம். பணிக்காலம் முழுக்க வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவள் நான். ஓய்வுக்குப் பிறகு அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

புத்தகத்துக்கு எண் போடுவது, அடுக்குவது, கணினியில் ஏற்றுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. நம் வேலையில் ரொம்பக் கஷ்டமானது கதவைத் திறப்பது. சிரிக்காதீர்கள். ஒரு கதவைத் திறக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் நாம் எப்படிப்பட்ட இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவருக்கு வாசகர்களைக் கண்டால் ஆகாது. யாராவது வராந்தாவில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவரின் கையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். புத்தகம் காணாமல் போனால் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆள் வராத நாளன்று மாலையில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அவரிடம் தொழில் கற்ற தலைமுறைதான் எங்களுடையது. புத்தகத்தை வாசகரிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதில் நாங்கள் கரை கண்டவர்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகம். ஊர்ப் பெயரைச் சொன்னால் இப்போது அங்கே இருக்கும் பெண் என்னோடு சண்டைக்கு வருவாள், அதனால் விட்டுவிடுகிறேன். முன்னால் வராந்தா, அதற்கு ஏறிப் போக உயரம் உயரமாகப் படிகள், உள்ளே வாசிப்புக் கூடம். கூடத்தை ஒட்டிப் பக்கத்தில் ஓர் அறை. அந்த அறையிலிருந்து நேராக வெளியே போகத் தனியாக ஒரு கதவு. இந்தக் கதவுதான் கதாநாயகன்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லா நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் முன்வாசலில்தான் கட்டியிருக்க வேண்டும். ஆனால் முன்வாசல் படிக்கட்டின் பக்கச் சுவரில், கட்டடத்தைத் திறந்துவைத்த பெரிய மனிதர்களின் பெயர்களோடு பளிங்குக் கல் பதித்திருக்கிறது. சாய்தளம் வந்தால் கல் மறையும். கல்லை மறைக்க ஒப்பந்தக்காரருக்குத் தைரியம் இல்லை, பொறியாளருக்குத் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே பக்கவாட்டுக் கதவுக்குச் சரிவு கட்டினார்கள். கைப்பிடி வைக்கவில்லை. கேட்டதற்கு, வரைபடத்தில் இருக்கிறது என்றார்கள்.

அந்தப் பக்கத்து அறையில் என்ன இருந்தது தெரியுமா? கழிவு நூல்கள். செல்லரித்தது, அட்டை போனது, பாதிப் பக்கம் கிழிந்தது என்று இனி யாருக்கும் கொடுக்க முடியாத புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டிப் போட்டுவைப்போம். அவற்றைத் தள்ளிவிட மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி தர, யாராவது வந்து சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க வருகிறவர் மாற்றலாகிப் போவார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் காலத்துக் கட்டுகளெல்லாம் அங்கேயே இருந்தன. அந்தக் கதவை யாரும் பயன்படுத்தாததால் கதவை ஒட்டியே கூரை முட்ட அடுக்கிவிட்டார்கள். கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு.

திறப்பு விழா வந்தது. கட்டுகளை அன்று ஒருநாள் மட்டும் கூடத்தின் மூலைக்கு மாற்றி, மேலே ஜமுக்காளம் போட்டு மூடினோம். ரிப்பன் வெட்டினார்கள். கதவுக்கு மேலே 'மாற்றுத்திறனாளிகள் நுழைவாயில்' என்று நீல நிறத்தில் பலகை மாட்டினார்கள். ஒரு புத்தம்புதுச் சக்கர நாற்காலியையும் அன்பளிப்பாகத் தந்தார்கள். விழா முடிந்த மறுநாள் கூடத்தில் வாசகருக்கு இடம் வேண்டும் என்று கட்டுகள் திரும்பப் பழைய இடத்துக்கே போயின. சக்கர நாற்காலியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவற்றுக்குப் பின்னால் போயிற்று. சரிவின் மேல் இருசக்கர வாகனங்கள் நிழலுக்கு நிறுத்தப்பட்டன. எல்லாருக்கும் பரம திருப்தி.

நஸ்ரின் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயின் மகள். சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பள்ளிக்கூடம் வரை அப்பா வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கல்லூரி தூரத்தில் ஏனாத்தூர் பக்கம் என்றதும் அது நின்றது. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாய் அவளைச் சக்கர நாற்காலியோடு சரிவின் அடியில் விட்டுவிட்டு, வாகனங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வழி செய்தார். அவள் தானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். பலகையை வாசித்தாள். கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை.

நான் வராந்தாவிலிருந்து சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"இன்னா மேடம் இது, உள்ள யாராவது புடிச்சிக்கினு கீறாங்களா?" என்றாள்.

"கழிவு நூல் இருக்கும்மா."

"எத்தினி நாளா?"

நான் பேச்சை மாற்றி, "முன்பக்கமா வந்துடு, படியில ரெண்டு பேர் புடிச்சுத் தூக்கிடுவோம்" என்றேன்.

அவள் கையை எடுத்துச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டாள். "தூக்க வேணாம் மேடம். அஞ்சு வயசுப் புள்ளையா நானு? தெனம் கண்ட ஆம்பளைங்க என்னத் தூக்கினு ஏறணுமா? கதவு கீது, சரிவு கீது. தெறந்தா நானே வந்துக்கினு போய்க்கினு இருப்பேன்."

பாய் என்னைப் பார்த்து, "கோச்சுக்காதீங்க மேடம், புள்ள கொஞ்சம் கறார்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மேலிடத்துக்கு எழுதினேன். இருப்புச் சரிபார்ப்பு முடியும்வரை கட்டுகள் எதையும் இடம் மாற்றக்கூடாது என்று பதில் வந்தது. மீறி நகர்த்தி ஏதாவது சேதமானால் பொறுப்பு என்னுடையது என்றும் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஓய்வு பெற இருந்தது கொஞ்ச காலம். இந்த மாதிரி ஒரு வரி ஒருத்தியின் கையைக் எப்படிக் கட்டிப்போடும் என்பது உங்களுக்கு இப்போது தெரியாது, பணி முடியப்போகிற காலத்தில் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் வாசகர் வட்டத் தலைவர் வருகிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தார்கள் அல்லவா, அவர் எந்த மேடை ஏறினாலும் அங்கேதான் தொடங்குவார். மரக்கன்று நடும் விழாவாக இருந்தாலும் குடவோலை, கண் சிகிச்சை முகாமாக இருந்தாலும் குடவோலை. அங்கிருந்து, பக்கத்தில் பல்லவர்கள் சண்டை போட்ட புள்ளலூர்ப் போருக்கு வருவார். கேட்பவர்களில் பாதிப் பேர் போரிலேயே மடிந்துவிடுவோம்.

அவருக்கு நஸ்ரின் விஷயம் தெரிந்ததும் மனம் உருகிவிட்டது. "பாவம் அந்தப் பெண். நாமே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் அம்மா. வாசகர் வட்டமே செய்யும். அறிவை அவள் வாசலுக்கே கொண்டு சேர்ப்போம்" என்றார். ஒரு புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு போய் முதல் புத்தகத்தைக் கொடுத்தார். நானும் கூடவே போயிருந்தேன்.

நஸ்ரின் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மரியாதையாக நன்றி சொன்னாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "புத்தகம் வூட்டுக்கு வந்துடும் மேடம். நான் எப்ப வூட்ட வுட்டு வர்றது?" என்றாள்.

தலைவர் அதைக் கேட்டும் சிரித்த முகத்தோடு புகைப்படத்துக்கு நின்றார். காதில் விழாததாகக் காட்டிக்கொள்வது ஒரு பெரிய நிர்வாகத் திறமை. அவருக்கு அது நிறைய இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் தாங்கவில்லை. வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோவது நல்ல திட்டம். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வர முடிந்தவளை வரவேண்டாம் என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்தினால் அது உதவி இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது புத்தகம் மட்டும் இல்லை. எங்கள் கூடத்தில் தினமும் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி சொல்வாள், மூன்றாமவள் அது தப்பு என்பாள். அந்தச் சண்டையில்தான் படிப்பு ஏறும். அதைப் பையில் போட்டு யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

அந்தக் கூட்டத்தில் ஸ்டெல்லா என்று ஒருத்தி. அம்மாவும் அப்பாவும் அன்றாடம் நாற்று நட, களை எடுக்கப் போகிறவர்கள். வீட்டில் படிக்க இடமில்லாததால் நூலகம் திறக்குமுன்பே வந்து வாசலில் நிற்பாள். நாக்கு எனக்கு மேலே நீளம். நஸ்ரின் விடாமல் தினமும் வந்து, கதவு திறக்காததால் வெளியே சரிவில் தனியாக உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து, ஒருநாள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். "இன்னாத்துக்கு நாம மட்டும் உள்ள ஃபேனுக்கு அடில குந்திக்கினு கீறோம்? வாங்கடி" என்று மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தேர்வுக் கூட்டம் சரிவில் நடந்தது. சரிவை ஒட்டி நின்ற புங்க மரத்தின் நிழல் இருக்கும்வரை படித்தார்கள். வெயில் ஏறினால் நிழலோடு நகர்ந்தார்கள். சரிவு கட்டியதற்கு அதுவரை கிடைத்த ஒரே பலன் அதுதான்.

பிறகு கார்த்திகை மழை வலுத்தது. வடகிழக்குப் பருவமழைக்கு உத்தரவு, சுற்றறிக்கை எதுவும் புரியாது. இரண்டு நாள் நனைந்த பிறகு பாய் வந்து என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், நாளைலேந்து புள்ள வரமாட்டா. காச்சல் வந்துச்சுன்னா படுத்துக்கினே கெடப்பா. எனக்குப் பேஜாரா கீது. பரீச்ச வரைக்கும் வூட்லயே படிக்கட்டும்."

பின்னால் நாற்காலியில் இருந்த நஸ்ரின் நனைந்த புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி முடித்ததிலிருந்து அந்த வீட்டு ஜன்னலைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள், இந்தச் சில மாதமாகத்தான் கூட்டத்தோடு உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கப் பழகியிருந்தாள். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் மறுபடி வெளியே வருவது எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. "அடுத்த வாரம் வரைக்கும் பொறுங்க பாய்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வாரம்தான் மாற்றுத்திறனாளிகள் தினம். எங்கள் நூலகத்தில் விழா. மேலதிகாரி வருகிறார். சாய்தளத்தால் பயன்பெற்ற வாசகியாக நஸ்ரினுக்குச் சால்வை போடுவது என்று தலைவர் ஏற்பாடு செய்துவிட்டார். எதில் பயன்பெற்றாள் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்குப் பயந்து விழா வாசிப்புக் கூடத்துக்குள் வைக்கப்பட்டது. படியில் அவளைத் தூக்கி வர, ஒரே நிற பனியன் போட்ட இளைஞர்களைத் தலைவர் கூட்டிவந்திருந்தார். பனியனில் 'நாங்கள் இருக்கிறோம்' என்று அச்சடித்திருந்தது. தூக்கும்போது படம் எடுக்க நிருபர்கள் வராந்தாவில் இடம் பிடித்து நின்றார்கள். வயதான வாசகர்கள் எல்லாரும் முன்வரிசையில் கேசரிக்காகக் காத்திருந்தார்கள்.

நஸ்ரின் வந்தாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா பக்கத்தில் குடை பிடித்து வர, தானாகவே சரிவில் ஏறிக் கதவுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே தலைவர் அப்போதுதான் குடத்தில் ஓலை போடத் தொடங்கியிருந்தார். டொக், டொக் என்று கதவு தட்டும் சத்தம். பேச்சு நின்றது. மறுபடி தொடங்கினார். மறுபடி டொக், டொக்.

மேலதிகாரி என்னைப் பார்த்து, "யாரும்மா அது, விழா நடக்கிற நேரத்துல?" என்றார்.

"சிறப்பு விருந்தாளி சார்" என்றேன்.

அதிகாரி கூடத்திலிருந்து பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்தார். கூரை முட்டக் கட்டுகள். அவற்றின் ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஸ்டெல்லாவின் குடை தெரிந்தது. தூறல் கனத்துக்கொண்டிருந்தது.

"சுத்தி முன்பக்கமா தூக்கிட்டு வாங்கப்பா" என்றார் அதிகாரி. பனியன்கள் வெளியே ஓடின. ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தன. தூக்கினால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்கிறாளாம்.

ஜன்னல் வழியாக நஸ்ரினின் குரலே வந்தது. "சார், பலகைல எங்களுக்கு நுழைவாயில்னு போட்டுக்கீது. நான் அது வழியா வரத்தான் வந்துக்கீறேன். சால்வ வேணாம், கதவத் தெறங்க."

ஸ்டெல்லா தன் பங்குக்கு, "சீக்கிரம் சார், கொட ஒழுவுது" என்று கத்தினாள்.

வராந்தாவில் நின்ற நிருபர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காமிராவைத் தூக்கிக்கொண்டு சரிவுப் பக்கம் நகர்ந்தார்கள். நீலப் பலகை, சாத்திய கதவு, மழையில் ஒரு பெண். தூக்கி வருவதைவிட நல்ல படம். அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இந்தக் கட்டையெல்லாம் யாரும்மா இங்க வெச்சது?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க சார். நகர்த்தக் கூடாதுன்னு சொன்னது உங்க அலுவலகம்."

"எங்க நகர்த்துவீங்க? கூடம் முழுக்க ஆளு இருக்காங்களே. வெளிய வெச்சா நனையும்."

"ஆமா சார்" என்றேன்.

புதியவர்களே, இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். அந்த நேரத்தில் என் முன்னால் ஒரு பத்திரமான வழி இருந்தது. அதிகாரியே நிற்கிறார். உத்தரவு எழுதிக் கொடுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அவர் யோசித்திருப்பார், யாரையோ கேட்டிருப்பார், மழை வலுத்திருக்கும், பாய் மகளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். அவள் அப்புறம் வரவே மாட்டாள். என்மேல் ஒரு தூசி படிந்திருக்காது. என் முதல் மேலாளர் அதைத்தான் செய்திருப்பார், அன்று மாலை அவர் முகத்தில் அந்த நிம்மதியும் தெரிந்திருக்கும்.

எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. யாராவது நனையத்தான் போகிறார்கள். செத்துப்போன புத்தகம் நனையலாமா, உயிரோடு இருக்கிற பெண் நனையலாமா? இதற்கு எந்த விதிப் புத்தகத்தைப் புரட்டுவது? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கட்டை நான் இழுத்தேன். முகமெல்லாம் தூசி. பனியன் போட்ட இளைஞர்கள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தூக்கத்தானே வந்தீங்க?" என்றேன். "தூக்குங்க. ஆளை இல்ல, இத."

ஒருவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கூரையைப் பார்த்தார். "மேடம், பனியன் அழுக்காயிடும்" என்றான் அவன்.

"நாங்கள் இருக்கிறோம்னு நெஞ்சுல எழுதி வெச்சிருக்கல்ல? இரு."

அப்புறம் ஒருவரும் நிற்கவில்லை. கட்டுக்கட்டாக வெளியே போயின. எங்கே வைப்பது என்று கேட்டார்கள். முன்வராந்தாவைக் காட்டினேன். வராந்தா நிறைந்தது. படிகளைக் காட்டினேன். படிகள் நிறைந்தன. கேசரிக்காகக் காத்திருந்த முன்வரிசைக்காரர்களில் இருவர்கூட எழுந்து வந்து சின்னக் கட்டுகளாகப் பார்த்துத் தூக்கினார்கள். செல்லுப்பூச்சிகள் ஓடின, எல்லாரும் தும்மினார்கள், அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் சணல் தூள் ஒட்டிக்கொண்டது. கடைசியாக, பிளாஸ்டிக் உறை போட்ட புதுச் சக்கர நாற்காலி வெளிப்பட்டது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் அதிகாரி. ஒன்றும் கேட்கவில்லை, புத்திசாலி.

கதவைத் திறந்தேன். நஸ்ரின் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, பக்கத்து அறையைக் கடந்து, கூடத்துக்குள் வந்து, தேர்வுப் பெண்களின் மேஜையில் ஓர் ஓரமாகச் சேர்த்து நிறுத்திக்கொண்டாள். மேடைப் பக்கம் போகவே இல்லை. மேஜையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். நான் முகத்துத் தூசியைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். விழா முடிந்து அதிகாரி கிளம்பினார். முன்வாசலில் படியே தெரியாதபடி கட்டுகள். வேறு வழியில்லை, அவரும் தலைவரும் சரிவு வழியாகத்தான் இறங்க வேண்டும். மழையில் வழுவழு என்றிருந்தது. நஸ்ரின் உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னாள்: "பாத்து எறங்குங்க சார், கைப்புடி கெடையாது."

அதிகாரி சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வோர் அடியாக இறங்கினார். பின்னால் தலைவர், அதிகாரியின் தோளைப் பிடித்தபடி. வரைபடத்திலிருந்த கைப்பிடி அடுத்த மாதமே இறங்கி வந்து சரிவில் நின்றது.

எனக்கு மெமோ வந்தது. அரசுச் சொத்தான நூல்களை அஜாக்கிரதையாக மழையில் நனையவிட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். வாசகரை நனையவிட்டதற்கு இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொண்டேன். நடவடிக்கை எடுப்பார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன், வீரம் எல்லாம் எழுதும்போது வருவது. ஆனால் பாருங்கள், சேதத்தை மதிப்பிட ஆள் அனுப்பினார்கள். உலர்ந்திருந்தபோது வருஷக்கணக்கில் சரிபார்க்க ஆள் கிடைக்காத புத்தகங்களுக்கு, நனைந்ததும் உடனே ஆள் கிடைத்தது. வந்தவர், எதற்கும் உபயோகமில்லை என்று எழுதினார். பழைய பேப்பர்காரர் வண்டியில் எல்லாம் போயின. மெமோவும் அத்தோடு போயிற்று.

அதுவரை தார்ப்பாய் போட்டு மூடிய கட்டுகள் படியிலேயே கிடந்ததால் ஊரே சரிவில் ஏறித்தான் நூலகத்துக்கு வந்தது. படி திறந்த பிறகும் பெரியவர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் முட்டி வலி, இத்தனை நாள் வாய் திறந்து சொன்னதில்லை. சரிவின் முதல் பக்தர் எங்கள் தலைவர்தான். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவரிடம், "பக்கவாட்டில் வைத்தால்தான் வசதி என்று அப்போதே சொன்னேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடவில்லை. அவர் பிடித்துக்கொண்டு நின்றது கைப்பிடியை.

நஸ்ரின் தேர்வில் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதல் தடவை தேறவில்லை. ஸ்டெல்லாவும் தேறவில்லை. வினாத்தாளைத் திட்டிக்கொண்டே இருவரும் அடுத்த தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்துவிட்டால் அற்புதம் நடக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். கதவு திறந்தால் ஆள் உள்ளே வருவார்கள், அவ்வளவுதான் நம் வேலை.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம். கூடத்தில் நல்ல கூட்டம். நஸ்ரினும் ஸ்டெல்லாவும் எதையோ படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். ஒரு தடவை எச்சரித்தேன். நிற்கவில்லை. எழுந்து போய், "ரெண்டு பேரும் புத்தகத்த மூடிட்டு வெளிய போங்க. இன்னைக்கு உங்களுக்கு இங்க இடமில்ல" என்றேன்.

கூடமே நிமிர்ந்து பார்த்தது. தலைவர் நாளிதழைத் தாழ்த்தி, "அம்மா, பாவம், அந்தப் பெண்ணையுமா..." என்றார்.

நஸ்ரின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருங்க சார். நானும்தான் சிரிச்சேன்" என்றாள். புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டெல்லா முன்னால் போக, கைப்பிடியைப் பிடித்தபடி சரிவில் இறங்கிப் போனாள். இறங்கியதும் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வது கூடம்வரை கேட்டது. "அத்தா, லைப்ரரில என்ன வெளிய தொரத்திட்டாங்க!" ஊருக்கே தெரிய வேண்டிய செய்தி மாதிரி அப்படி ஒரு குரல்.

பாய் கடையைப் போட்டது போட்டபடி வியர்க்க வியர்க்க ஓடி வந்தார். "இன்னா மேடம், எம்புள்ளய வெளிய அனுப்பிட்டீங்களாமே? இன்னா பண்ணுச்சு?"

"சத்தம் போட்டுச்சு பாய்."

"சத்தமா? எம்புள்ளையா?"

"சிரிச்சு சிரிச்சு யாரையும் படிக்க விடல. ரொம்ப அடம்."

சண்டைக்கு வந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். திறந்திருந்த பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்த்தார். புங்க மரத்தடியில் இரண்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

"நாளைக்கு வரலாமா மேடம்?" என்றார்.

"கதவு தெறந்துதான் இருக்கும். சத்தம் போட்டா மறுபடி அனுப்புவேன்" என்றேன்.

"அனுப்புங்க மேடம்" என்றார் பாய். "நல்லா அனுப்புங்க."